இல்லாத டி டிரைவ்

பென் டிரைவை உருவாதீங்க சார். கை வைக்காதீங்க. 'முடிந்தது'ன்னு திரையில வந்துடுச்சு, நானும் பாத்தேன், எனக்கும் தமிழ் வாசிக்கத் தெரியும். ஆனா திறந்து பாக்காம தர மாட்டேன். உங்க தங்கச்சி கல்யாண வீடியோ மொத்தம் முப்பத்தெட்டு ஃபைல். ஒவ்வொண்ணாத் திறப்பேன். நடுவுல கொஞ்சம், கடைசியில கொஞ்சம் ஓட்டிப் பாப்பேன். அப்புறம்தான் உங்க போன்ல இருந்து அழிப்பேன். அரை மணி நேரம் ஆகும். அவசரம்னா எதுத்தாப்புல இன்னொரு கம்ப்யூட்டர் கடை இருக்கு, ரெண்டு நிமிஷத்துல முடிச்சுத் தருவாங்க. போறீங்களா? இல்லல்ல. அப்போ உக்காருங்க. அந்த மூலையில ஃபேன் நல்லா வரும்.

மொறைக்காதீங்க. நான் முன்னாடி இப்படிக் கிடையாது. பொறுமைங்கறது என்கிட்ட சுத்தமா இல்ல. பிளஸ் ஒன்ல பாதியில நின்னதே அதனாலதான். கணக்குல விடையை மட்டும் எழுதுவேன். சரியான விடை. வழிமுறை எழுதலன்னு அஞ்சுக்கு ரெண்டு போடுவாங்க. விடை சரின்னா எப்படி வந்தா உங்களுக்கென்னன்னு கேட்டேன். வெளிய நில்லுன்னாங்க. நின்னேன். பத்து நிமிஷம் நின்னுட்டு அப்படியே வீட்டுக்கு நடந்துட்டேன். அவ்ளோதான் என் படிப்பு. எங்க அம்மா இன்னைக்கும் சொல்லும், "இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுட்டு இருந்திருந்தா கவர்மெண்டு லேப்டாப்பாவது வந்திருக்கும்ட்டி"ன்னு. அதுக்கு லேப்டாப் போனதுதான் வருத்தம்.

கம்ப்யூட்டர் நானாப் படிச்சது. மாமா வீட்டுல தூக்கிப் போட வச்சிருந்த ஒரு பழைய மெஷின், யூடியூப், பைத்தான். பைத்தான்னா ப்ரோகிராம் எழுதுற மொழி. கணக்கு டீச்சர் மாதிரி இல்ல அது. விடை வந்தா வாயை மூடிக்கும். அதனாலதான் எனக்குப் பிடிச்சுது. அதுல ஒரு ஆபத்து இருக்குன்னு அப்போ எனக்குத் தோணல.

எங்க தெருவுக்குப் பின்னால ஒரு வாசிப்பு மையம் உண்டு. கண்ணு தெரியாத பிள்ளைங்களுக்குப் பாடப் புத்தகத்தை வாசிச்சுப் பதிவு பண்ணித் தர்ற இடம். மாடியில ஒரே ரூம், ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். டெல்பின் மேடம்னு ஒருத்தங்க நடத்துறாங்க. வாசிக்க யார் யாரோ வருவாங்க, துறைமுகத்துல வேலை பாக்குறவங்க, டீச்சருங்க, வீட்டுல இருக்குறவங்க. எல்லாரும் சும்மா வர்றவங்கதான். நானும் சும்மாதான் போனேன். போய்ப் பாத்தா எல்லாம் தலைகீழா கிடக்கு. ஒருத்தர் வாசிச்சதை டெஸ்க்டாப்ல போட்டிருக்கார், இன்னொருத்தர் எங்க போட்டோம்னே தெரியாமப் போயிட்டார். மூணாவது பாடம் ரெண்டு தடவை இருக்கு, நாலாவது பாடமே இல்ல.

ரெண்டு நாள்ல ஒரு ப்ரோகிராம் எழுதுனேன். ரெண்டே பட்டன். வந்ததும் 'தொடங்கு'. அது முந்தின நாள் குப்பையெல்லாம் அழிச்சுட்டு வேலை ஃபோல்டரைக் காலியா வச்சுக் கொடுக்கும். வாசிச்சு முடிச்சதும் 'முடி'. பதிவை எடுத்து வெளிய சொருகியிருக்குற பெரிய ஹார்ட் டிஸ்க்ல, டி டிரைவ்ல, பாடம் வாரியா அடுக்கிடும். அடுக்கினதும் ஒரு குரல் சொல்லும், "பத்திரமா போய்ச் சேர்ந்தாச்சு"ன்னு. அது என் குரல். நானே பதிஞ்சு வச்சேன். முதல்ல ஏதாவது தப்பாச்சுன்னா திரையில சிவப்பு எழுத்து வர்ற மாதிரிதான் இருந்துச்சு. ஒரு அம்மா பாத்துப் பயந்து மைக்கையே கீழே போட்டுட்டாங்க. அதனால சிவப்பு எழுத்தை எடுத்துட்டேன். எது எப்படியானாலும் குரல் மட்டும் வரும். எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க சார். டெல்பின் மேடம் என்கிட்ட மைய சாவியையே கொடுத்தாங்க.

இருங்க, இது ஏழாவது ஃபைல். தாலி கட்டுறது நல்லா விழுந்திருக்கு. உங்களைத்தான் காணோம்.

சனிக்கிழமை சனிக்கிழமை இசக்கி வருவா. பிளஸ் டூ. என் வயசுதான். பதினோரு வயசு வரைக்கும் கண்ணு தெரிஞ்சிருக்கு, காய்ச்சல்ல போயிடுச்சு. அதுக்கப்புறம் தடவிப் படிக்கிற பிரெய்ல் எழுத்தைப் படிச்சதால விரல் ஓடாது, காதால கேட்டாத்தான் மனசுல நிக்கும். பென் டிரைவோட வருவா, முடிஞ்ச புத்தகத்தை வாங்கிட்டுப் போவா. அவ அண்ணன் பைக்ல கொண்டு வந்து விடுவான், திரும்பக் கூட்டிட்டுப் போவான். அவளால தெருமுனை வரைக்கும் தனியாப் போக முடியாதுன்னு இல்ல, விட மாட்டாங்க. "என்னட்டி, உன் குரல் பஸ் ஸ்டாண்டுல அறிவிக்கிற பொம்பளை மாதிரியே இருக்கு"ன்னு என்னைக் கேலி பண்ணுவா. நானும் விட மாட்டேன்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. மதுரையில ஒரு காலேஜ், பி.ஏ. வரலாறு, ஹாஸ்டல். முக்கியம் ஹாஸ்டல்தான். "ஹாஸ்டல்ல இருந்து கிளாசுக்கு இருநூத்துச் சொச்சம் அடியாம். அங்க படிக்கிற ஒரு அக்கா எண்ணிச் சொல்லுச்சு. நானே கம்பை ஊணிட்டு நடப்பேன். விழுந்தாலும் நானே எந்திரிப்பேன்"னா. வரலாறுல நல்ல மார்க் இருந்தாத்தான் அந்த சீட்டு. மத்த புத்தகம் எல்லாம் பொங்கலுக்கு முன்னாடியே வாசிச்சுக் கொடுத்தாச்சு. வரலாறு மட்டும் பாக்கி, பதினஞ்சு பாடம்.

அதை வாசிச்சது ஆவுடை அக்கா. ஏழு மாசம் அப்போ. வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு சங்கரன்கோவில் போகணும். "இந்தப் பிள்ளைக்குப் புத்தகத்தை முடிச்சுட்டுத்தான் வருவேன்"னு அடம் பிடிச்சு இருந்துச்சு. கை ரெண்டுலயும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். பக்கம் திருப்புனா கலகலன்னு மைக்ல விழும். கழட்டி வைங்கக்கான்னு சொன்னேன். "பிரசவம் வரைக்கும் கழட்டக் கூடாதுட்டி, உனக்கு விவரமே தெரியாது"ன்னுச்சு. அப்புறம் ரெண்டு துண்டை எடுத்துக் கை ரெண்டுலயும் பாண்டேஜ் மாதிரி சுத்திக்கிட்டு வாசிச்சுச்சு. மூச்சு வாங்கும். நிறுத்தும். தண்ணி குடிக்கும். மறுபடி வாசிக்கும். அஞ்சு வாரம். எனக்குத்தான் எரிச்சலா வரும், சீக்கிரம் முடிங்களேன்னு.

அக்கா வாசிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, பொங்கல் லீவுல, மையத்து மெஷின்ல வைரஸ் ஏறிடுச்சு. ஷெல்டன்னு ஒரு அண்ணன், இன்ஜினியரிங் படிக்கிறவன், அவன் வந்து விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ்னு வேற ஒரு சிஸ்டம் போட்டுட்டான். ஓசி, வைரஸ் தொல்லை இல்லன்னு. ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கல சார். அங்கதான் எல்லாம் கெட்டுச்சு. சரி, கேட்டான். வாட்ஸப்ல கேட்டான். "ஜெனோ, உன் ப்ரோகிராம்ல டி டிரைவ்னு எழுதியிருந்த மாதிரி ஞாபகம். லினக்ஸ்ல ஓடுமா, மாத்தணுமா?"ன்னு. நான் அப்போ மாமா வீட்டுல கரும்பு தின்னுட்டு இருந்தேன். "ஓடும்"னு போட்டேன். பைத்தான் எதுலயும் ஓடும், அது உண்மை. ஓடத்தான் செஞ்சுது. அவன் ஒரு தடவை பட்டனை அமுக்கியிருக்கான். பத்திரமா போய்ச் சேர்ந்தாச்சுன்னு என் குரல் வந்திருக்கு. அவனும் போயிட்டான். இன்ஜினியரிங் படிக்கிறவன், நீ பாத்திருக்க வேண்டாமா?

என்ன ஆச்சுன்னு உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். விண்டோஸ்ல ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனி வீடு, சி டிரைவ், டி டிரைவ்னு. லினக்ஸ்ல அப்படிக் கிடையாது. மொத்தமும் ஒரே வீடு, வெளிய இருந்து சொருகுற டிஸ்க் அந்த வீட்டுக்குள்ள ஒரு ரூம். ஃபோல்டரைப் பிரிச்சுக் காட்டப் போடுற சாய்கோடுகூட இதுல ஒரு பக்கம் சாயும், அதுல எதிர்ப் பக்கம். நான் எழுதினது விண்டோஸ் விலாசம். டி டிரைவுக்குப் போ, அதுக்குள்ள பதிவுகள், அதுக்குள்ள வரலாறுன்னு. லினக்ஸுக்கு டி டிரைவ்னா என்னன்னே தெரியாது. தெரியலன்னா என்ன செய்யணும்? இப்படி ஒரு இடமே இல்லன்னு திருப்பி அனுப்பணும். தபால்காரர்கூட அதைத்தான் செய்வார். இது என்ன பண்ணுச்சு தெரியுமா? மொத்த விலாசத்தையும் ஒரு பேருன்னு நினைச்சுக்கிட்டு, நின்ன இடத்துலயே அந்தப் பேர்ல ஒரு ஃபோல்டர் செஞ்சு, பதிவை அதுக்குள்ள போட்டுடுச்சு. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லல. அது சொல்லியிருந்தாத்தான் என்ன, சிவப்பு எழுத்தை நான்தான் எடுத்துட்டேனே.

நின்ன இடம் எது? வேலை ஃபோல்டர். மறுநாள் காலையில 'தொடங்கு' அமுக்குனதும் குப்பைன்னு அழிக்கிற அதே ஃபோல்டர்.

ஆமா சார். ஆவுடை அக்கா இன்னைக்கு வாசிச்சதை நாளைக்குக் காலையில ஆவுடை அக்காவே அழிக்கும். துண்டு சுத்தின கையால அந்தப் பட்டனை அமுக்கும். அப்புறம் அடுத்த பாடத்தை வாசிக்கும். அஞ்சு வாரமும் இதுதான் நடந்துச்சு. நான் பக்கத்துல உக்காந்து போன் பாத்துட்டு இருந்தேன்.

யாரும் கேட்டுப் பாக்கலையான்னு கேக்காதீங்க, எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. முழுப் புத்தகமும் முடிஞ்சப்புறம் மொத்தமா எடுத்துக் கொடுக்குறதுதான் மையத்துல வழக்கம். ஹார்ட் டிஸ்க்ல பழைய புத்தகம் எல்லாம் இருந்துச்சு, லைட்டு எரிஞ்சுது. யாருக்குச் சந்தேகம் வரும்?

கடைசிப் பாடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் முடிஞ்சுது. ஆவுடை அக்கா வீட்டுக்காரர் கார் கொண்டு வந்திருந்தார். இசக்கி அப்போவே வந்துட்டா. அக்கா அவ கையை எடுத்து வயித்துல வச்சு, "பிள்ளைக்கும் இப்போ வரலாறு பூரா மனப்பாடம்"னுச்சு. இசக்கி சிரிச்சா. கார் சங்கரன்கோவிலுக்குப் போயிடுச்சு. டெல்பின் மேடம் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துத் தன்னோட லேப்டாப்ல சொருகினாங்க.

"ஜெனோ, வரலாறு எங்க இருக்கு?"

"பதிவுகளுக்குள்ள பாருங்க மேடம்."

"பதிவுகளுக்குள்ள வரலாறுன்னு ஒண்ணு இல்லையே."

"இருக்கும் மேடம், சரியாப் பாருங்க."

நான் எந்திரிக்கக்கூட இல்ல. மூணாவது தடவை அவங்க கூப்பிட்ட விதத்துலதான் எந்திரிச்சேன். ஷெல்டனுக்குப் போன் போட்டாங்க. இருபது நிமிஷத்துல வந்தான். மெஷினைத் திறந்து வேலை ஃபோல்டருக்குள்ள போனான். அங்க ஒரே ஒரு ஃபோல்டர். பேரே நீளமா, என் விலாசம் பூரா அதுல எழுதியிருக்கு. உள்ள ஒரே ஒரு ஃபைல். பதினஞ்சாவது பாடம். அன்னைக்கு வாசிச்சது.

"மத்த பதினாலும்?"னு மேடம் கேட்டாங்க.

ஷெல்டன் என்னைப் பாத்தான். நான் திரையைப் பாத்தேன். இசக்கிதான் கேட்டா, "என்ன ஆச்சு? யாராவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்"னு. அவளுக்குத் தெரியாதுல்ல, நாங்க எல்லாரும் மூஞ்சி மூஞ்சியாப் பாத்துக்கிட்டு நிக்கிறது. மேடம் சொன்னாங்க. இசக்கி கொஞ்ச நேரம் பென் டிரைவ் மூடியைக் கழட்டிக் கழட்டி மாட்டினா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "தினமும் சேர்ந்தாச்சுன்னு சொன்னியேட்டி"ன்னா.

கோவமா சொல்லல சார். கோவமா சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

ஷெல்டன் அழிஞ்சதை மீட்கப் பாத்தான். பதினோரு நிமிஷம் கிடைச்சுது, அதுவும் துண்டு துண்டா. பரீட்சைக்குப் பதினெட்டு நாள். மேடம் என்னைத் திட்டல. "சாவியைக் கொடுத்துட்டுப் போம்மா"ன்னாங்க. கொடுத்தேன். ஓடுமான்னு கேட்டப்போ ஓடும்னு சொன்னேன், ஓடுச்சு, சிஸ்டத்தை மாத்தினது நானில்லன்னு சொன்னேன். "சரிம்மா"ன்னாங்க. அந்தச் 'சரிம்மா' இருக்கே, அதுக்குப் பதிலா ஒரு அறை விட்டிருக்கலாம்.

ஆவுடை அக்காவுக்கு யாரும் சொல்லல. பிள்ளைத்தாச்சிகிட்ட எப்படிச் சொல்றது? இப்போ ஆம்பளைப் பிள்ளை பிறந்திருக்காம். இன்னைக்கு வரைக்கும் தான் வாசிச்சதைக் கேட்டுத்தான் இசக்கி பரீட்சை எழுதினான்னு நினைச்சுட்டு இருக்கு.

அப்புறம் மேடம் ஊரெல்லாம் போன் போட்டாங்க. பத்துப் பேரு பாடத்தைப் பிரிச்சுக்கிட்டு அவங்கவங்க போன்ல பதிஞ்சு அனுப்பினாங்க. எல்லாரையும் கேட்டாங்க. எங்க பக்கத்து வீட்டு அண்ணியைக் கேட்டாங்க. எங்க அம்மாவைக் கேட்டாங்க சார்! என்னைக் கேக்கல. கேட்டாலும் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். ஒரு பாடம் மட்டும் யாரும் எடுக்கல, பதினொண்ணாவது. பிரெஞ்சுப் புரட்சி. அம்பது பக்கத்துக்கிட்ட, அதுல வர்ற பேரு ஒவ்வொண்ணும் பல்லை உடைக்கும். அண்ணி வீட்டுல புத்தகம் கிடந்துச்சு. எடுத்தேன். வாசிச்சேன். சும்மாதான். பிள்ளைங்க சத்தம் போடுதுன்னு பாத்ரூம்ல உக்காந்து வாசிச்சேன். ரோபஸ்பியர்னு சொல்றதுக்கே நாலு தடவை நிறுத்த வேண்டியதாப் போச்சு. முடிச்சதும் மொத்தத்தையும் ஒரு தடவை ஓட்டிக் கேட்டேன். அதுவரைக்கும் நான் எழுதினதையோ செஞ்சதையோ திரும்பிப் பாத்தது கிடையாது. நேரா இசக்கி நம்பருக்கே அனுப்பினேன். "ஜெனோவா. பாடம் பதினொண்ணு"ன்னு ஆரம்பிச்சு நேரா பாடம். மன்னிப்பெல்லாம் கேக்கல. மன்னிப்பு கேட்டாப் பதினாலு பாடம் திரும்பி வருமா?

பதில் வரல. ரெண்டு நீலக் கோடு மட்டும் விழுந்துச்சு. பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு ஒரு குரல் பதிவு வந்துச்சு. "ஜெனோ, உன் பாடத்துல இருந்து ஒரு கேள்விகூட வரல. நல்லவேளை. ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி வாசிச்சிருக்க. யார் தலையை யார் வெட்டினான்னே எனக்குப் புரியல." அவ்ளோதான். நான் அதை எத்தனை தடவை கேட்டேன்னு உங்களுக்கு எதுக்கு?

இருபத்தி ரெண்டு. இது பந்தி. மைக் செட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, ஆனா படம் தெளிவா இருக்கு.

அப்புறம் இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தேன். ரிசல்ட் அன்னைக்கு வரிசை ரோடு வரைக்கும். இசக்கி அண்ணன் வந்தான். அவனுக்கு என்னைத் தெரியாது, அவன் மாடிக்கு ஏறினதே இல்ல. நம்பரையும் பிறந்த தேதியையும் நீட்டினான். நான்தான் அடிச்சேன். மத்ததெல்லாம் எண்பதுக்கு மேல. வரலாறு அம்பத்தி ஏழு. "நல்ல மார்க்கா பாப்பா?"ன்னு கேட்டான். நல்ல மார்க்தான்னேன். மதுரையில கண்ணு தெரியாதவங்களுக்கான ஒதுக்கீட்டுல ஒரே ஒரு சீட்டு. மூணு மார்க் கூட வாங்கின வேற ஒரு பிள்ளைக்குப் போயிடுச்சு. இதை நானாக் கண்டுபிடிச்சேன், பட்டியல் நெட்ல இருக்கு. இன்னும் நாலு மார்க் இருந்தா அவளுக்குத்தான் சார். ப்ரோகிராம்ல ரெண்டு வரி எழுதியிருந்தாப் போதும். எந்தச் சிஸ்டமா இருந்தாலும் விலாசத்தை அதுவே சரியாச் சேர்த்துக்கிற மாதிரி ஒரு வரி. போய்ச் சேர்ந்த இடத்துல ஃபைல் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் அழின்னு இன்னொரு வரி. எனக்குத் தெரியாத வரியும் இல்ல.

போன மாசம் அவன் மறுபடி வந்தான். உள்ளூர்க் காலேஜுக்கு விண்ணப்பம் போடணும்னு. இந்தத் தடவை அவளும் வந்திருந்தா. நீங்க உக்காந்திருக்கிற அதே ஸ்டூல்தான். எனக்கு அன்னைக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு, அதனால ஒண்ணும் பேசல. பேரை அடிச்சேன், அப்பா பேரை அடிச்சேன், மார்க்கையெல்லாம் பாத்துப் பாத்து அடிச்சேன். எதுவும் கேக்கணும்னா விரலால திரையைக் காட்டினேன், அண்ணன்காரன் சொன்னான். 'விடுதி தேவையா?'ன்னு ஒரு கேள்வி வந்துச்சு. காட்டினேன். "அதெல்லாம் வேண்டாம், நான் கொண்டு வந்து விட்டுருவேன்"னான். 'இல்லை'ன்னு இருந்த கட்டத்துல அமுக்கினேன்.

அனுப்பப் போறப்போ இசக்கி சொன்னா, "அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாசிச்சுக் காட்டச் சொல்லு."

அண்ணன்காரன், "எல்லாம் சரியாத்தான் இருக்கு, வா"ன்னான்.

"உன்னைச் சொல்லல. அந்தப் பிள்ளை வாசிக்கட்டும்"னா. அப்புறம், "மெதுவா வாசிட்டி"ன்னா.

நான்தான்னு அவ எப்போ கண்டுபிடிச்சான்னு தெரியல. வந்து உக்காந்தப்போவே கண்டுபிடிச்சாளோ என்னவோ. நான் வாசிச்சேன். பேரு, ஊரு, அப்பா பேரு, ஒவ்வொரு வரியா. பாடப்பிரிவு வரலாறு. மார்க் அம்பத்தி ஏழு, அதையும் வாசிச்சேன். விடுதி தேவையா, இல்லை.

"அதை இன்னொரு தடவை வாசி"ன்னா.

"விடுதி தேவையா. இல்லை."

அவ தலையை ஆட்டினா. "சரி, அனுப்பு"ன்னா.

அனுப்பினேன். அண்ணன்காரன் ரெண்டு காப்பி பிரிண்ட் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன்.